பின்பக்கம் உட்கார்ந்துபோன பிக்அப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கிறேன். பிக்அப்புக்கு 7 வயது. சீசனில் 600 கிலோ ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்து, குழியில் விழும்போது 'டங்' என்று இடிக்கிறது. புது அப்சோர்பர் போட்டு 2 அங்குலம் தூக்கிவிடலாம் என்கிறார் பட்டறை ஃபோர்மன். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அப்சோர்பர் அதன் ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான். உட்கார்ந்த வண்டியை விலையுயர்ந்த அப்சோர்பர் எழுப்பிவிடாது.

காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றி மறுபடி அளங்கள். பிறகு குனிந்து பட்டை ஸ்பிரிங்கைப் பாருங்கள். வண்டி காலியாக இருக்கும்போது முனைகள் மேலேறி, நடு தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதே தட்டையாகக் கிடந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அச்சுக்கு மேலுள்ள ரப்பர் கட்டையில் புதிதாக இடிபட்ட தடம் பளபளக்கிறதா? 'டங்' அங்கிருந்துதான் வருகிறது.

பழைய ஸ்பிரிங்கில் ஒரு புதுப் பட்டை சேர்த்தால் செலவு குறையும். ஆனால் பாரத்தின் பெரும்பகுதி அந்த ஒற்றைப் பட்டையின் தலையில் விழுந்து, கடைசியில் அதுவே முறியலாம். இரு பக்கமும் முழு செட்டாக மாற்றுங்கள். ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட்டும் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை முறுக்கி இறுக்கியது நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி கொடுக்காது. 500 கிலோமீட்டர் ஓடியதும் அவற்றை மீண்டும் இறுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

நிரந்தரமாக 300 கிலோ சுமக்கும் வண்டிக்கான ஸ்பிரிங் ரகத்தைக் கடையில் காட்டுவார்கள். உங்களுக்குச் சீசன் சில வாரங்கள்தான்; மற்ற நாளெல்லாம் காலி வண்டி முயல்போலக் குதிக்கும், ஈர ரோட்டில் பின்சக்கரம் பிடி இழக்கும். மேலும், எந்த ஸ்பிரிங் போட்டாலும் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை அப்படியேதான் இருக்கும்.

தூக்கும் விஷயத்துக்கு வருவோம். உயரம் கூடும், தாங்கும் சக்தி கூடாது. நான்கு சக்கர இழுவை வண்டியானால், முன்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண ஒழுங்கு) பழைய அளவுக்கு வராமல், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கையையும் மாற்றச் சொல்வார்கள். பின்பக்கம்தான் எனக்கு அதிகக் கவலை. சில பிக்அப்களில் பின் அச்சோடு ஒரு கம்பி பிணைந்திருக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பாரத்தைக் கணித்து, பின் பிரேக்கின் அழுத்தத்தை அது கூட்டிக் குறைக்கும். அதைச் சரிசெய்யாமல் வண்டியை மட்டும் தூக்கினால், 600 கிலோவோடு துன் சார்டோன் சாலையில் இறங்கும்போதும் வண்டி காலி என்றே அது நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். போதாக்குறைக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல், காப்புறுதி என்ற தலைவலியும் உண்டு.

அப்சோர்பரை எப்போது மாற்றுவது? எண்ணெய் வழிந்து அதில் மண் அப்பியிருந்தால், அல்லது டயரை உள்ளங்கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தட்டுப்பட்டால். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: 265/65 ஆர் 17 டயருக்குப் பதில் 265/70 ஆர் 17 போடலாமா? சேற்று டயர் நல்லதா?

பதில்: விட்டம் சுமார் 776 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகும், வண்டி 13 மில்லிமீட்டர்தான் உயரும். வேக மீட்டர் உண்மையைவிடச் சுமார் 3 விழுக்காடு குறைத்துக் காட்டும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, உள் மட்கார்டில் டயர் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சேற்று டயர் தினமும் களிமண் மேட்டில் ஏறுபவருக்கு. பாதி நாள் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அனைத்து நில (ஆல்-டெரைன்) ரகமே போதும். மழையில் பிரேக் அடிக்கும்போது வித்தியாசம் தெரியும். வாங்குமுன் டயரின் பக்கச் சுவரில், செய்த தேதியைக் காட்டும் டிஓடி எண்ணைப் பாருங்கள். கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. 'புதுசு' என்று அதைத் தந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: புது டயர் போட்டபின் பினாங்குப் பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நடுங்குகிறது.

பதில்: ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கர பேலன்ஸிங் (எடைச் சமநிலை) சரியில்லை. இருக்கை நடுங்கினால் பின்சக்கரம். டயர் போட்ட கடைக்கே கொண்டுபோங்கள், அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.