கூண்டு ஏற்ற விடாத வைரஸ்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து அறிவியல் வாசகர்கள் நாங்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுத்தவள் என்பதால், இந்த முறை கொரோனா பற்றிய கேள்விகளை என்னிடம் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

நெல்லிக்குப்பம், பிளஸ் டூ மாணவி: மேடம், தடுப்பூசி போட்டால் வரும் ஆன்டிபாடியும் இன்டர்ஃபெரானும் ஒன்றா?

இல்லைம்மா. ஆன்டிபாடி ஒரு கிருமியைப் பார்த்துப் பழகி, அதற்கென்றே உருவாவது. புதுக் கிருமி என்றால் ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். இன்டர்ஃபெரான் பிறவியிலேயே உள்ள காவல். வைரஸ் புகுந்த செல், சில மணி நேரத்தில் இந்தப் புரதத்தை வெளியே விட வேண்டும். நம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, அப்படி. அது தெரிந்ததும் பக்கத்துச் செல்கள் நூற்றுக்கணக்கான தற்காப்பு மரபணுக்களை இயக்கிக்கொள்ளும். 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் இதைக் கண்டுபிடித்தார்கள்.

வில்லியனூர், நர்சிங் மாணவர்: உள்ளே புகுந்த வைரஸ் தன் மரபுச் செய்தியான ஆர்என்ஏவைப் பிரதி எடுப்பது செல்லுக்குத் தெரியாதா?

தெரிய வேண்டும் தம்பி. பிரதி எடுக்கும்போது நீளமான இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகும். நம் செல்லில் சாதாரணமாக அது இருக்காது. ரிக்-ஐ, எம்டிஏ5 என்ற உணரிகள் அதைத்தான் தேடுகின்றன. கொரோனா செல்லின் சவ்வையே வளைத்து, இரட்டைச் சுவருள்ள சிறு பைகள் கட்டி, அதற்குள் பிரதி எடுக்கிறது. வெளியே வரும் ஆர்என்ஏவின் முனையில் நம் ஆர்என்ஏவுக்கு இருப்பது போன்ற தொப்பி இருக்கும். அதை நம்முடையது போலவே முடித்துக் கொடுப்பது என்எஸ்பி16 என்ற புரதம். காட்டிக்கொடுக்கக்கூடிய துண்டுகளை நறுக்குவது என்எஸ்பி15.

கடலூர் முதுநகர், ஆசிரியர்: செல்லின் புரதத் தயாரிப்பையே இந்த வைரஸ் நிறுத்திவிடும் என்று படித்தேன். புரதம் செய்ய அதுவும் செல்லின் புரதத் தொழிற்சாலையான அதே ரைபோசோமைத்தானே நம்பியிருக்கிறது? சமைக்க வந்த வீட்டில் அடுப்பை அணைத்தால் எப்படி?

சார், வந்த சீட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வைரஸின் ஆர்என்ஏவைப் படித்து ரைபோசோம் செய்யத் தொடங்கும் நீண்ட புரதச் சங்கிலியின் தலைப்பகுதியே என்எஸ்பி1. 180 அமினோ அமிலம்தான், சின்னது. அதன் வால், ரைபோசோமில் செய்தி ஆர்என்ஏ (மரபணுவின் உத்தரவைக் கொண்டுவரும் நகல்) நுழையும் வாய்க்குள் போய்ச் செருகி அடைத்துக்கொள்கிறது. 2020-லேயே இதை நுண்நோக்கியில் படமாக எடுத்துவிட்டார்கள். பாதை அடைபட்டதும் செல்லின் செய்திகள் வெளியே நிற்கின்றன. அவற்றில் பல வெட்டுப்பட்டும் போகின்றன. இப்போது கூண்டை யோசியுங்கள். உணரி வைரஸைக் கண்டுபிடித்திருக்கலாம், இன்டர்ஃபெரான் மரபணு இயங்கி, செய்தி ஆர்என்ஏகூடத் தயாராகியிருக்கலாம். ஆனால் அதைப் புரதமாக்க ஆள் இல்லை. உத்தரவு வந்தும் கூண்டை ஏற்றும் கயிறு அறுந்து கிடக்கிறது.

சரி, வைரஸ் எப்படிச் சமைக்கிறது? அதன் ஆர்என்ஏக்கள் எல்லாவற்றின் தொடக்கத்திலும் ஒரே மாதிரியான சிறு பகுதி உண்டு. கொண்டை ஊசி போல மடங்கிய அந்தப் பகுதி இருந்தால் என்எஸ்பி1-இன் தடை பலிப்பதில்லை. அடுப்பு அணையவில்லை சார், அடுப்படிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டது. அந்தச் சாவியைப் பிடுங்கும் மருந்து வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பாகூர், விவசாயி: அதையும் மீறி இன்டர்ஃபெரான் வெளியே போய்விட்டால்?

அப்போதும் ஒரு தடை இருக்கிறது. பக்கத்துச் செல்லில் ஸ்டாட்1 என்ற புரதம் செய்தியை உட்கருவுக்குள் கொண்டுபோக வேண்டும். அங்கும் வைரஸ் முன்பே புகுந்திருந்தால், அதன் ஓஆர்எஃப்6 புரதம் உட்கருவின் வாசலை மறிக்கும். 2020 கடைசியில் பரவத் தொடங்கிய ஆல்ஃபா வகை, ஓஆர்எஃப்6-ஐ முந்தைய வகைகளைவிட அதிகமாகவே தயாரித்தது.

முத்தியால்பேட்டை, இல்லத்தரசி: 2021-இல் சர்க்கரை உள்ள என் அத்தை நாலு நாள் காய்ச்சலோடு தேறினார். ஒரு வியாதியும் இல்லாத மாமா ஐசியுவிலிருந்து திரும்பவில்லை. ஏன்?

அம்மா, உங்கள் மாமாவுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு: உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போன 987 பேரைப் பார்த்ததில், 101 பேரின் உடலில் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடி இருந்தது. அதில் 95 பேர் ஆண்கள். லேசாக வந்து போன 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. பார்த்தால் ஆரோக்கியமாகவே இருப்பார்கள், உள்ளே கூண்டு ஏறாது. ஆகவே ‘சரியாகச் சாப்பிடவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்று அவரையோ உங்களையோ குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

மஞ்சக்குப்பம், மருந்துக்கடைக்காரர்: அப்படியானால் இன்டர்ஃபெரான் ஊசியே போடலாமே?

போட்டுப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய சோதனையில், மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா என்ற வகையைக் கொடுத்தார்கள். இறப்பு குறையவில்லை. அந்த நேரத்தில் பலருக்கு அழற்சிதான் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தது. 2011-இல் தானே புயலைப் பார்த்த நமக்குத் தெரியும், கரையைக் கடந்த பிறகு கூண்டு ஏற்றி என்ன செய்ய? 2023-இல் வெளியான இன்னொரு சோதனையில், அறிகுறி தொடங்கி 7 நாளுக்குள் இன்டர்ஃபெரான் லாம்ப்டா என்ற இன்னொரு வகையை ஒரே ஒரு ஊசி போட்டார்கள். மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. லாம்ப்டாவின் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பெரும்பாலும் மூக்கு, நுரையீரல், குடல் இவற்றின் மேல்படலத்தில்தான் இருக்கின்றன. அதனால் மற்ற இன்டர்ஃபெரான்களைப் போல உடம்பு முழுக்கக் காய்ச்சலும் வலியுமாகப் படுத்துவதும் குறைவு.