எத்துப்பல்லுக்கு கிளிப்பு போடறது அழகுக்கு மட்டும்தானா? 14 வயசுப் பொண்ணோட அம்மா கேட்ட கேள்வி

கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, 14 வயசு. மேல் முன்பல்லு தூக்கிட்டு இருக்கு. கிளாஸ்ல கேலி பண்றாங்கன்னு சிரிக்கறப்பெல்லாம் வாயப் பொத்திக்கறா, போட்டோவுக்கு நிக்கறதே இல்ல. பொள்ளாச்சில காட்டுனோம், நாலு பல்லு எடுத்துட்டு கிளிப்பு போடணும்னாங்க. மாமியாரு, கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி போட்டா போதும், மேல்பல்லப் புடுங்குனா கண்ணு மங்கும்ங்கறாங்க. வெறும் அழகுக்காக இவ்வளவு செலவு பண்ணணுமா டாக்டர்?"

கண்ணு விஷயத்த முதல்ல முடிச்சிடறேங்க, ஏன்னா இந்த பயத்துலயே நம்ம பக்கம் பாதிப் பேரு வீட்டுக்குத் திரும்பிப் போயிடறாங்க. பல்லுக்கு வர்ற நரம்பு வேற, பார்வை நரம்பு வேற, ரெண்டும் மூளைல இருந்து தனித்தனியா கிளம்பறது. பல்லு எடுத்தா கண்ணு மங்காது, மாமியார்கிட்ட தைரியமா சொல்லுங்க.

இப்ப அழகு மட்டும்தானாங்கறதுக்கு வரேன். மேல் முன்பல்லு கீழ்ப்பல்லுக்கு முன்னாடி எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு நாங்க ஸ்கேல் வச்சு அளப்போம், சாதாரணமா 2, 3 மில்லிமீட்டர் இருக்கும். 6 தாண்டுனா ட்ரீட்மென்ட் தேவைங்கற லிஸ்ட்ல வந்துடும், 9 தாண்டுனா ரொம்பவே தேவை. காரணம் சிம்பிள், சைக்கிள்ல இருந்து விழுந்தாலோ கோ-கோ ஆடறப்ப முட்டிக்கிட்டாலோ முதல்ல அடி வாங்கறது துருத்திட்டிருக்கற அந்தப் பல்லுதான், ஒதடு அத மூடி இருக்காது. ஒதடு மூடாததால வாய் காஞ்சு முன்பக்க ஈறு வீங்கறதும் உண்டு. மெல்றது, "ஸ", "ச" சொல்றப்ப காத்து போறது எல்லாம் சில பேருக்குத்தான், எல்லாருக்கும் கிடையாது.

ஆனா உங்க பொண்ணு விஷயத்துல நான் அதிகமா பாக்கறது இந்த மில்லிமீட்டர இல்லீங்க. 11ல இருந்து 14 வயசுப் பசங்களுக்குன்னே கனடால 2002ல ஒரு கேள்வித்தாள் பண்ணுனாங்க, சிபிக்யூன்னு பேரு, வாயில வலி இருக்கா, சாப்பிடப் பேச சிரமமா, மனசு எப்படி இருக்கு, மத்தவங்களோட பழகறது எப்படின்னு நாலு பகுதி அதுல. கோணல் பல்லு இருக்கற பசங்ககிட்ட பல நாட்டுல கேட்டுப் பாத்ததுல வலி, சாப்பாட்ட விட கடைசி ரெண்டுலதான், மனசு, பழக்கம் இதுலதான், பாதிப்பு அதிகம் தெரிஞ்சுது. இன்னொண்ணு, பல்லு எவ்வளவு கோணலோ அவ்வளவு வருத்தம்னு கணக்குப் போட முடியாது, லேசா ஒரு தெத்துப்பல்லு இருக்கறவ அழுதுட்டு நிப்பா, பல்லு நல்லாவே தூக்கிட்டிருக்கற பையன் அதப் பத்தி யோசிக்காம ஃபுட்பால் ஆடிட்டு இருப்பான். அதனால அவகிட்ட நீங்க தனியா உக்காந்து கேளுங்க, மாமியார் பக்கத்துல இல்லாதப்ப. கிளாஸ்ல சத்தமா படிக்கச் சொன்னா எந்திரிக்கிறியா, சாப்பாட்டு நேரத்துல யாரோட உக்கார்றே, பல்லு மாறணும்னு உனக்குத் தோணுதா இல்ல எங்களுக்காக சொல்றியான்னு.

ஒரு விஷயத்துல மட்டும் ஏமாந்துடாதீங்க. வேல்ஸ்ல கார்டிஃப்ங்கற ஊர்ல 1981ல ஆயிரத்துக்கு மேல பசங்கள எடுத்து 20 வருஷம் பின்தொடர்ந்து பாத்தாங்க, கிளிப்பு போட்டவங்களுக்கு பல்லு சீராச்சு, பல்லப் பத்தின திருப்தியும் கூடுச்சு, ஆனா பெரியவங்களானப்புறம் தன்னம்பிக்கைல போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. அதனால கம்பி போட்டா கூச்சம் எல்லாம் போயிடும்னு விளம்பரம் பாத்தா நம்பாதீங்க, கேலி பண்றத கிளாஸ் டீச்சர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லுங்க, பல்லு உள்ள போற வரைக்கும் அதுக்குக் காத்திருக்க வேண்டியதில்ல.

கல்யாணத்துக்கு முன்னாடி போடலாமாங்கறதுக்கு, பல்ல எந்த வயசுலயும் நகத்தலாம், தாடைய அப்படி முடியாது. துருத்தறதுக்குக் காரணம் வெறும் பல்லா, இல்ல கீழ்த்தாடை பின்தங்கி இருக்கான்னு பக்கவாட்டு எக்ஸ்ரேல தெரியும், செஃபலோகிராம்னு பேரு, அத எடுத்தாங்களான்னு கேளுங்க. தாடைதான்னா வளர்ற வேகத்தோட சேத்து கழட்டி மாட்டற அப்ளையன்ஸ் குடுப்போம், ஆனா பொண்ணுங்களுக்கு அந்த வேகம் 12 வயசு வாக்குல உச்சத்துக்குப் போயிட்டு வயசுக்கு வந்தப்புறம் குறைஞ்சிடும், உங்க பொண்ணுக்கு அந்த வாய்ப்பு அனேகமா முடிஞ்சிருக்கும். அதான் கோரைப்பல்லுக்குப் பின்னாடி இருக்கற முன்கடைவாய்ப் பல்லு நாலு எடுத்து, அந்த இடத்துல முன்பல்ல பின்னாடி இழுக்கலாம்னு சொல்லியிருப்பாங்க, அது தப்பான யோசனை இல்லீங்க, எக்ஸ்ரே பாத்துச் சொல்லியிருந்தா. தாடை வித்தியாசம் ரொம்ப அதிகம்னா வளர்ச்சி முடிஞ்சப்புறம் ஆபரேஷன்ங்கறது கடைசி வழி, பெரும்பாலானவங்களுக்கு அது தேவைப்படாது.

ஒண்ணரைல இருந்து ரெண்டு வருஷம் ஆகும், மாசம் ஒருக்கா வரணும். போட்ட முதல் சில நாள் பல்லு கூசும், கன்னம் உள்பக்கம் புண்ணாகும், அந்த வாரத்துல பொண்ணு எதுக்குடா போட்டோம்னு சொல்லுவா, எல்லாரும் சொல்றதுதான். முறுக்கு, கரும்பு கிடையாது, முதலமடை மாங்காய நறுக்கித்தான் தின்னணும். கழட்டுனப்புறம் பல்ல அதே இடத்துல புடிச்சு வைக்கற ரிட்டெயினர் போடலன்னா பல்லு மெதுவா பழைய இடத்துக்கே வந்துடும், பேசறப்பவே ரிட்டெயினர், பல்லு எடுக்கற செலவு, பிராக்கெட் (கம்பியப் புடிக்க பல்லுல ஒட்டற சின்னத் துண்டு) உடைஞ்சா மாத்தற செலவு எல்லாம் சேத்துத்தான் சொல்றாங்களான்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க. செலவு முடியாதுன்னா திருச்சூர் அரசு பல் மருத்துவக் கல்லூரில குறைச்சலா ஆகும், வெயிட்டிங் இருக்கும்.

நம்ம சித்தூர் தாலுகா போர்வெல் தண்ணில பல இடத்துல ஃப்ளோரைட் அதிகம், பொண்ணு பல்லுல வெள்ளையாவோ பழுப்பாவோ திட்டு இருந்தா ஆரம்பத்துலயே டாக்டர்கிட்ட காட்டிடுங்க, அந்த மாதிரி எனாமல்ல பிராக்கெட் சரியா ஒட்டாம அடிக்கடி விழும், கொஞ்சம் வேற மாதிரி ஒட்டணும்.