தஞ்சாவூர் பக்கம் நெப்போலியன் தோற்றதற்கு ஒரு நினைவுக் கோபுரம் இருக்கிறதாமே, பெரிய கோயிலுக்குப் போகும்போது அதையும் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம். அதற்குப் பெயர் மனோரா. ஆனால் 'அப்படியே பார்த்துவிட்டு வருகிற' தூரம் இல்லை. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகச் சுமார் 65 கிலோமீட்டர், சரபேந்திரராஜன்பட்டினம் கடற்கரை. நீங்கள் குடும்பத்தோடு இரண்டு நாள் லீவில் வருகிறீர்கள், பெரிய கோயிலுக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் தஞ்சாவூரில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன். சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். காணும் பொங்கலுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு நாங்கள் போகிற இடம்தான் மனோரா. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா போக முடியவில்லை. அங்கே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

பதினோரு வருடமாக யார் வண்டியில் வந்தாலும் ஒரே பாட்டுதான். "சார், 1815-ல வாட்டர்லூ சண்டையில நெப்போலியன் தோத்தாருல்ல, அதைக் கேள்விப்பட்டு சரபோஜி மகாராஜா கட்டினது இது." எட்டு நிலை, ஆறு பட்டை, சுற்றிலும் மதில், அகழி, மினார் என்பதுதான் மனோரா ஆனது என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். சிலர் சந்தோஷப்பட்டு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்ததும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்தை அழைத்துப் போனேன். நல்ல வெயில். அப்பாவும் அம்மாவும் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏழாவது படிக்கிற பெண் மட்டும் சுவரில் பதித்த கல்லுக்கு முன்னால் நின்று, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இதுல 1814-னு போட்டிருக்கே?"

"கல்லு வெட்டுனவன் தப்பா வெட்டியிருப்பான் பாப்பா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "வாட்டர்லூங்கிற பேரே இல்லையே அங்கிள்" என்றாள்.

இல்லைதான். பிறந்ததிலிருந்து அந்த இடத்துக்குப் போய்வருகிற நான், அன்றைக்குத்தான் கல்லை முழுதாகப் படித்தேன். ஆங்கில அரசின் நண்பரும் கூட்டாளியுமான மகாராஜா சரபோஜி, ஆங்கிலப் படையின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர எழுப்பியது, 1814. அவ்வளவுதான் விஷயம். அந்த வருடம் ஏப்ரலில் நெப்போலியன் முடியைத் துறந்தார், எல்பா தீவுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் அங்கிருந்து தப்பி வந்து மறுபடி பாரிஸில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் வாட்டர்லூ, 1815 ஜூன் 18. ஆக, இங்கே 'வீழ்ந்தான்' என்று வருடம் போட்டுவிட்ட பிறகும் அந்த மனுஷன் ஒரு சுற்று வந்திருக்கிறார்.

கட்டி முடிப்பதற்குள் வாட்டர்லூ செய்தியும் வந்திருக்குமே என்று கீழே எழுதப்போகிறீர்கள். இருக்கட்டும், அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. கல்லில் இருப்பதைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரனுக்கு வால்பிடித்த ராஜாவுக்கு ஏன் இவ்வளவு விளம்பரம் என்றும் ஒருவர் வருவார். 1799-லேயே ஒப்பந்தம் போட்டு ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, கோட்டையோடும் உபகாரச் சம்பளத்தோடும் இருந்தவர் சரபோஜி. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. சரஸ்வதி மகாலில் அவர் சேர்த்துவைத்த சுவடிகளையும் புத்தகங்களையும் நினைத்தால் திட்டவும் மனசு வராது. சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது, பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம். சாகக் கிடக்கிற பாதிரியார் ஸ்வார்ட்ஸின் கையைச் சரபோஜி பிடித்துக்கொண்டிருப்பார். தன்னை ஆளாக்கிய மனிதருக்காக லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் செய்யவைத்தது. அதைப் பார்த்த பிறகு மனோராவுக்கு வந்து 'நண்பரும் கூட்டாளியும்' என்பதைப் படியுங்கள். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

பட்டுக்கோட்டை தாண்டினால் ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னை. எல்லோரும் வண்டியை நிறுத்தச் சொல்லி போட்டோ எடுப்பார்கள். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்தபோது எங்கள் தோப்பில் 42 மரம். விடிந்து பார்த்தால் மூன்று நிற்கிறது. பட்டா தாத்தா பேரில் இருக்கிறது என்று சொல்லி, நிவாரணத்துக்கு ஒரு ஆபீஸில் என்னை ஆறு தடவை நடக்கவிட்டார்கள். ஆறாவது தடவை 'தேதி முடிந்துவிட்டது' என்றார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், அந்த ரோட்டைப் பற்றி எழுதினால் இதுவும் வந்துவிடுகிறது.

சரி, உங்கள் விஷயம். காலையில் பெரிய கோயில், தேவாலயம், அரண்மனை. மதியச் சாப்பாட்டைப் பட்டுக்கோட்டையில் முடித்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ நாலு மணிக்கு மனோரா. மெரினா மாதிரி அலை இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்து வராதீர்கள். பாக் ஜலசந்தி அது, குளம் போலக் கிடக்கும், கரையில் சேறு. இறங்கி விளையாடட்டும், பரவாயில்லை. யார் வண்டியில் வந்தாலும் ஏறுவதற்கு முன் காலை மட்டும் கழுவிவிடுங்கள். நான் போன மாதம்தான் சீட் கவர் மாற்றினேன்.