அமெரிக்கச் சிறுநகர மேயர்: கேள்வி பதில்

செல்வி: அமெரிக்காவில் மேயருக்கு நிஜமாகவே அதிகாரம் உண்டா?

ஊருக்கு ஊர் மாறும். முதலில் அந்த நகரத்தின் சாசனத்தைப் பாருங்கள், அதாவது ஊர் நிர்வாக விதிகள் எழுதிய ஆவணத்தை. சில ஊர்களில் நிர்வாகமே மேயர் கையில். வேறு பல ஊர்களில் நகர மன்றம் சம்பளத்துக்கு அமர்த்தும் மேலாளர்தான் நிர்வாகி. மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார்.

மணி: சம்பளம்?

பல சிறுநகரங்களில் இது பகுதிநேரப் பொறுப்பு. பிழைப்புக்கு வேறு வேலை இருக்கும்.

அருள்: பின்னாளில் அமெரிக்க செனட்டரான பெர்னி சாண்டர்ஸ் மேயராக என்ன சாதித்தார்?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனில் அப்போது சுமார் 38,000 பேர். அதுவரை ஐந்து முறை வென்றிருந்த மேயர் கோர்டன் பக்கெட்டை 1981 மார்ச்சில் சாண்டர்ஸ் வெறும் 10 ஓட்டில் தோற்கடித்தார். ஆனால் 13 பேர் கொண்ட மன்றத்தில் பெரும்பான்மை எதிரணிக்கு. அவர் பரிந்துரைத்த அதிகாரிகளை நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு மன்றத் தேர்தலில் கூட்டாளிகள் கூடுதல் இடங்களைப் பிடித்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. நகரத்தின் காப்பீட்டை ஏலத்துக்கு விட்டுப் பணம் மிச்சம் பிடித்தார்கள். 1984இல் நகரப் பணம் 2 லட்சம் டாலரோடு நில அறக்கட்டளை தொடங்கியது: வீடு உங்களுக்கு, நிலம் அறக்கட்டளைக்கு, விற்கும்போது லாபத்துக்கு வரம்பு உண்டு. இன்றும் அது நடக்கிறது.

குமரன்: மன்றம் மறித்தால் ஒன்றும் நடக்காது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எதற்கு இந்தப் புகழ்?

மன்றம் மறித்தபோது அவர் வீட்டில் உட்காரவில்லை, மன்றத் தேர்தலுக்கு ஆள் திரட்டினார். மேயராக நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: தன் ஓட்டோடு மன்றத்தின் ஓட்டையும் எண்ணத் தெரிய வேண்டும்.

மீனா: பர்லிங்டன் ஏரிக்கரையைப் பூங்காவாகக் காப்பாற்றியவர் சாண்டர்ஸ்தான் என்கிறார்கள், அது மட்டும் முழு உண்மை இல்லை. ஹோட்டலும் குடியிருப்பும் கட்டும் திட்டத்தை அவரே ஆதரித்தாரே?

மீனா சொல்வது சரி. 1985இல் அந்தத் திட்டத்துக்காக நகரம் கடன் பத்திரம் வெளியிட, வாக்காளர்களின் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. 1989இல் மாநில உச்ச நீதிமன்றமும் ஏரியை நிரப்பி உண்டாக்கிய நிலம் பொதுப் பயனுக்கே என்றது. இன்றைய பூங்காவுக்கு வாக்காளர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

குமரன்: அப்போ நான் சொன்னதுதானே?

இல்லை, குமரன். ஒரு திட்டத்தில் தோற்றதால் எட்டு ஆண்டு வேலை பொய்யாகாது. 1983, 85, 87 என மூன்று முறை மறுபடி தேர்ந்தெடுத்தது அதே மக்கள்தான்.

ராஜா: மேயரானால் நேராக மேலே போகலாமா?

சாண்டர்ஸ் 1986இல் ஆளுநர் தேர்தலிலும், 1988இல் நாடாளுமன்றத் தேர்தலிலும் தோற்றார். 1990இல்தான் நாடாளுமன்றத் தேர்தலில் வென்றார்.

சுதா: மேயர் சம்பளம் எவ்வளவு?

மணிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

தினேஷ்: என் ஊர் மேயர் சாலை போட மாட்டேன் என்கிறார், நீக்க முடியுமா?

எந்த ஊர் என்றே சொல்லவில்லையே. திரும்பவும் அதேதான்: சாசனம். நகர எழுத்தர் அலுவலகத்தில் கேளுங்கள், தருவார்கள்.