எலுமிச்சைப்புல்லில் செம்புள்ளி: மருந்தைக் கீழே வையுங்கள், அரிவாளை எடுங்கள்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“ஐயா, எங்கள் விளையில் தென்னைகளுக்கு நடுவே 60 தூர் எலுமிச்சைப்புல் நட்டு எட்டு மாதம் ஆகிறது. இரண்டு சாயாக்கடைகளும் ஒரு ஹோட்டலும் வாங்குகின்றன. மழை தொடங்கியதிலிருந்து இலையெங்கும் செம்புள்ளி, நுனியும் காய்கிறது. மருந்துக்கடையில் ஒரு பூசணக்கொல்லி தந்து, 15 நாளுக்கு ஒருமுறை தெளிக்கச் சொன்னார்கள். தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம்? வரப்பில் அருகம்புல்லும் இருக்கிறது. அதையும் சாறுக்குக் கொடுக்கலாமா?”

அம்மா, தெளிக்கவே வேண்டாம். அந்த மருந்தோடு வந்த தாளைப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பயிருக்கு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு என்று அதில் அச்சிட்டிருக்கும். உங்கள் புல்லின் பெயர் அதில் இல்லையென்றால், நாள் கணக்குச் சொல்ல அந்தக் கடைக்காரராலும் முடியாது, என்னாலும் முடியாது. நெல்லுக்காவது உமி என்று ஒரு போர்வை உண்டு. உங்கள் புல் இலையாகவே கொதிநீரில் விழுகிறது. குடிக்கிற பொருளுக்கு வாய்க்கு வந்த மருந்தைக் கொடுத்து அனுப்பும் கடைகளைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பொடி ஒட்டினால் அது துரு நோய். ஒட்டாவிட்டால் வேறு இலைப்புள்ளியாக இருக்கலாம். எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான்.

எட்டு மாதத்தில் எத்தனை முறை முழுத் தூரையும் அறுத்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை. கடைக்காரர் கேட்கும்போது நாலு இலை கிள்ளிக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தப் புல்லை வளர்க்கும் பலரும் செய்கிற தவறு இது. பூச்செடிபோல் அழகு பார்த்து வைத்துவிடுகிறார்கள். நட்ட நாலாம் மாதம் முதல் அறுப்பு, அதன் பிறகு 50 முதல் 60 நாளுக்கு ஒரு அறுப்பு. தவறினால் முதிர்ந்த இலைகள் வளைந்து மண்ணைத் தொடும், தூருக்குள் காற்று நுழையாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழை. மேலே தென்னை நிழல் வேறு. நனைந்த இலை நனைந்தபடியே கிடந்தால் பூசணம் வராமல் என்ன செய்யும்?

மழை விட்ட ஒரு காலையில், இலை உலர்ந்த பிறகு, தரையிலிருந்து அரைச் சாண் விட்டு அத்தனை தூரையும் அறுத்துவிடுங்கள். தயங்காதீர்கள், துளிர்த்துவிடும். அறுத்ததைத் தூருக்கு மூடாக்காகப் போடாமல் தள்ளிக் கொண்டுபோய்ப் புதையுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் வடிகால் கீறுங்கள். ஓலை அடர்ந்த நிழலில் நிற்கும் தூர்களை வெயில் விழும் இடத்துக்கு மாற்றினால் நோயும் குறையும், வாசமும் கூடும். தென்னை மூட்டிலிருந்து ஆறடி தள்ளி, தூருக்குத் தூர் இரண்டடிக்குக் குறையாமல் நடுங்கள். கடைக்காரர்களிடம் சில வாரம் புல் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அது நஷ்டமில்லை.

துளிர்த்த பிறகு 60 தூரை மூன்று பாத்தியாகப் பிரித்து, 20 நாளுக்கு ஒரு பாத்தி அறுங்கள். ஒவ்வொரு தூருக்கும் 60 நாள் கிடைக்கும், கடைக்கும் புல் தடைபடாது.

ஹோட்டலுக்கு வெறும் இலையைக் கொடுப்பதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். சமையலுக்கு வேண்டியது அடித்தண்டு. தூரின் வெளிப்பக்கச் சிம்பை, அதாவது பக்கத்தில் கிளைத்த தண்டை, பிடித்துத் திருகி, வேரோடு பிடுங்குங்கள். வேரை நறுக்கி, மேலுறை இரண்டு மூன்றை உரித்தால் வெளிறிய, இளகிய தண்டு தெரியும். அதைக் குழவியால் ஒரு தட்டுத் தட்டி, தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பில் போட்டுப் பாருங்கள். பரிமாறும் முன் எடுத்துவிட வேண்டும்; நார் கடிபடும். இலை கருப்பட்டிக் காப்பிக்கும் சாயாவுக்கும் போதும். முடிச்சுப் போட்டுக் கொதியில் இட்டு, வடிகட்டிக் குடிக்கலாம். சளிப்பிடித்த மூக்குக்கும் வயிற்று உப்புசத்துக்கும் அந்த வெந்நீர் இதமாக இருக்கும். அதற்குமேல், சர்க்கரை தீரும், புற்று கரையும் என்று போர்டு எழுதி விற்பவர்களுக்கு உங்கள் புல்லைக் கொடுக்காதீர்கள். இலைக்குப் பதிலாகப் புல்தைலத்தைச் சாயாவில் சொட்டுவிடும் குறுக்குவழியும் வேண்டாம். தைலம் மேலுக்குத் தடவ, உள்ளுக்கு அல்ல. கர்ப்பிணிகள் இந்தச் சாயாவை மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

இனி நடுவதற்குச் சிம்பு வாங்கினால், ஒரு இலையைக் கசக்கி முகர்ந்த பிறகே காசைக் கொடுங்கள். எலுமிச்சைத் தோல் வாசம் வர வேண்டும். கொசுவிரட்டி வாசம் வந்தால் அது சிட்ரோனெல்லா என்ற வேறு புல், வாய்க்கு ஆகாது. தண்டு சிவப்பா வெள்ளையா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எலுமிச்சைப்புல்லிலேயே செந்தண்டு வகை உண்டு.

வரப்பு அருகம்புல்லைப் பற்றி: அந்த விளையிலோ பக்கத்து விளையிலோ களைக்கொல்லி அடிக்கும் வழக்கம் இருந்தால், அதைச் சாறுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டு முற்றத்தில் சாணி உரம் கலந்த ஒரு பழைய தொட்டியில், நல்ல இடத்திலிருந்து எடுத்த கணுத்துண்டுகள் நாலைந்தை ஊன்றி, நாய், கோழி ஏறாதபடி உயரத்தில் வையுங்கள். வேர் பிடித்துத் தொட்டி நிறைந்த பிறகு அதிலிருந்து அறுத்துக் கொடுங்கள்.