கணவர் நியூஜெர்சியில், நான் பட்டர்வொர்த்தில்: எப்போது முடியும் இந்தக் காத்திருப்பு?

கேள்வி: எனக்கு வயது 31. பட்டர்வொர்த்தில் பெற்றோருடன் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. என் கணவர் ஈப்போவில் பிறந்தவர். வேலை வழியாகக் கிரீன் கார்டு பெற்று நான்கு ஆண்டுகளாக நியூஜெர்சியில் இருக்கிறார். கிரீன் கார்டு கிடைத்த பிறகுதான் எங்கள் திருமணம் நடந்தது. திருமணமான சில மாதங்களில், மனைவியை அங்கே அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவை எனக்காகப் போட்டார். இரண்டரை ஆண்டுகள் ஓடிவிட்டன. இணையத்தில் பார்த்தால் 'மனு பெறப்பட்டது' என்ற அதே வரிதான். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால்கூடக் கைத்தொலைபேசியை எடுத்து அதைத்தான் பார்க்கிறேன். மனு போட்ட பிறகு பிறந்த மகளுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது. கணவரோடு பேச ஆரம்பித்தாலே சண்டையில் முடிகிறது. வேலையிடத்தில் மேற்பார்வையாளர் பொறுப்பு தருவதாகச் சொல்கிறார்கள். எப்படியும் போகப் போகிறோமே என்று இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறேன். எட்டாயிரம் ரிங்கிட் கொடுத்தால் கோப்பை நகர்த்தித் தருவதாக ஒருவர் கூறுகிறார். கொடுக்கலாமா? அல்லது சுற்றுலா விசாவில் போய்விடலாமா?
– காத்திருப்பவள், பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த எட்டாயிரம் ரிங்கிட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். ஐ-130 மனுவுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தி விரைவாகத் தீர்வு பெறும் வழி, அமெரிக்கக் குடிநுழைவுச் சேவையிடமே கிடையாது. இல்லாத ஒன்றை ஈப்போவிலோ பினாங்கிலோ உள்ள ஒருவர் விற்க முடியாது. உயிருக்கு ஆபத்தான நோய், கடுமையான பொருள் இழப்பு போன்ற அவசரக் காரணங்கள் உண்மையாகவே இருந்தால், மனுவை விரைவுபடுத்தும்படி மனுதாரரான உங்கள் கணவரே ஆதாரங்களுடன் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. வழக்கமான கால அளவைத் தாண்டிவிட்ட மனுக்களுக்கு இணையத்திலேயே விசாரணை எழுப்பலாம். அதற்கும் பதில் வரவில்லையென்றால், அவர் வசிக்கும் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்து, அவர்கள் மூலம் நிலவரம் கேட்கச் சொல்லலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் இந்த உதவியைக் கேட்கலாம். இவை யாவும் இலவசம். ஆனால் இவற்றில் எதுவும் வரிசையில் உங்களை முன்னால் கொண்டு போய் நிறுத்தாது என்பதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

அந்த வரிசையைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதை யாரும் உங்களுக்குச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றியது. உங்கள் முன்னால் இருப்பது இரண்டு தனித்தனிக் காத்திருப்புகள். ஒன்று, மனுவை அதிகாரிகள் படித்து அங்கீகரிப்பது. மற்றொன்று, ஆண்டு ஒதுக்கீட்டில் உங்களுக்கென்று ஒரு விசா எண் கிடைப்பது. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு இந்த இரண்டாவது காத்திருப்பே இல்லை. நிரந்தரவாசியின், அதாவது கிரீன் கார்டு வைத்திருப்பவரின், மனைவிக்கு உண்டு. நீங்கள் எஃப்2ஏ என்ற பிரிவில் வருகிறீர்கள். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்ப வரிசைப் பிரிவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 226,000 விசாக்கள் என்று வகுத்தது. அதில் எஃப்2ஏ பிரிவின் பங்கு ஏறத்தாழ 88,000. உலகம் முழுவதிலும் உள்ள நிரந்தரவாசிகளின் கணவன்மார், மனைவியர், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகிய அனைவரும் இந்த எண்ணிக்கைக்குள்தான் அடங்க வேண்டும். 2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை இந்தப் பிரிவில் வரிசையே இல்லாமல் இருந்தது. பிறகு விண்ணப்பங்கள் பெருகவே, 2023 ஏப்ரல் அறிவிப்பில், எந்த நாளுக்கு முன் மனு போட்டவர்களுக்கு விசா கிடைக்கும் என்று சொல்லும் தேதி ஒரேயடியாக 2020 செப்டம்பருக்குப் பின்வாங்கிவிட்டது. அந்த நல்ல காலத்தில் போனவர்கள்தான் இன்று உங்களிடம், 'எங்களுக்கு ஒன்றரை வருடத்தில் கிடைத்துவிட்டதே, உன் வீட்டுக்காரர் சரியாகப் பார்க்கவில்லையோ' என்று கேட்பவர்களாக இருக்கக்கூடும். உங்கள் கணவர் எதையும் தவறவிட்டதாக உங்கள் கடிதத்தில் எந்த அறிகுறியும் இல்லை.

ஓர் ஆறுதலான செய்தியும் இதில் உண்டு. வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது மனு அங்கீகரிக்கப்பட்ட நாள் அன்று. மனு போடப்பட்ட நாள். ஐ-797 என்ற ரசீதில் அச்சாகியிருக்கும் அந்த 'முன்னுரிமைத் தேதி' உங்களுடையது. கோப்பு மேசையில் கிடந்த இந்த இரண்டரை ஆண்டுகளும் வரிசையில் நீங்கள் நின்ற காலமாகவே கணக்கில் சேர்ந்திருக்கின்றன. நாளைக்கே அங்கீகாரம் வந்தாலும் உங்கள் முன்னுரிமைத் தேதியின் முறை வரும்வரை விசா கிடைக்காது. ஆகவே 'மனு பெறப்பட்டது' என்ற வரி மாறாததால் ஒவ்வொரு நாளும் எதையோ இழந்து கொண்டிருப்பதாக நீங்கள் படும் வேதனைக்குக் காரணமில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதம் ஒருமுறை வெளியிடும் விசா புல்லட்டினில் எஃப்2ஏ வரியைப் பாருங்கள். அந்தத் தேதிதான் உங்களுக்கு முக்கியம். அதைப் பார்க்கும்போது பிறந்த நாட்டின் பத்தியைக் கவனிக்க வேண்டும். நீங்கள் மலேசியாவில் பிறந்திருந்தால், தமிழர் என்பதற்காக இந்தியாவின் பத்தியில் சேர மாட்டீர்கள். மற்ற நாடுகள் அனைத்தையும் சேர்த்துப் போடும் முதல் பத்திதான் உங்களுடையது. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அக்கா தம்பி மனுக்களுக்கான இந்தியத் தேதிகளைப் போட்டுப் பயமுறுத்துபவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

இப்போது உண்மையிலேயே நிலைமையை மாற்றக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் அங்கே தொடர்ந்து வசித்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பத்தைப் போடவும் முடியும். உங்கள் கணவர் குடிமகனாகிவிட்டால், அதே மனு நெருங்கிய உறவினர் வகைக்கு மாறும். வரிசை உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் மகள் விஷயத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். இன்று அவள் உங்கள் மனுவின் நிழலில் உங்களோடு வரலாம். கணவர் குடிமகனான கணத்தில் அந்த நிழல் இல்லாமல் போகும். அவளுக்கென்று தனி மனு வேண்டும். கிரீன் கார்டுடனேயே மகளுக்குத் தனியாக ஐ-130 போட அவருக்கு இப்போதும் உரிமை உண்டு. போட்டுவிட்டால் பின்னர் அதுவும் கூடவே மாறும். அந்த ஏஜெண்டுக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போகட்டும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், அவர் குடிமகனாவது சிறிய முடிவு அன்று. ஈப்போவில் இருக்கும் அவருடைய பெற்றோர், நாளைக்கு இங்கே திரும்பி வரும் எண்ணம், உங்கள் மகளின் குடியுரிமை என்று பலவற்றையும் சேர்த்து நீங்கள் இருவரும் அமர்ந்து பேச வேண்டியது அது. பேசி முடித்து, அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஒரு குடிநுழைவு வழக்கறிஞரிடம் ஒருமுறை கலந்துகொண்டால், செலவழித்த கட்டணத்துக்கு உரிய பலன் கிடைக்கும்.

சுற்றுலா விசாவைப் பற்றிக் கேட்டீர்கள். விண்ணப்பிக்க உங்களுக்குத் தடை இல்லை. ஆனால் குடியேற மனு நிலுவையில் உள்ள ஒருவர் திரும்பி வருவார் என்று அதிகாரியை நம்பவைப்பது கடினம். பெரும்பாலும் மறுப்பில்தான் முடிகிறது. விண்ணப்பத்தில் உங்களுக்காக யாரேனும் குடிநுழைவு மனு போட்டிருக்கிறார்களா என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு 'இல்லை' என்று எழுதச் சொல்லும் எவருடைய பேச்சையும் கேட்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்ததாகப் பதிவானால் அந்த நாட்டுக்குள் நுழைய நிரந்தரத் தடை வரலாம். அதைவிட, அவர் இங்கே வரட்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால்தான் குடியுரிமைக்கான தொடர்வசிப்புக்குச் சிக்கல் எழும். மூன்று வாரம், ஒரு மாதம் என்று வந்து போவதில் அந்தக் கவலை இல்லை. இரண்டு வயதுக் குழந்தையுடன் நீங்கள் விசா அலுவலகத்தில் நிற்பதைவிட, அப்பா பினாங்கு விமான நிலையத்தில் வந்து இறங்குவது எல்லோருக்கும் நல்லது.

சண்டைகளுக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் இது. எனக்கு இதுவே மிகவும் கவலை தருகிறது. உங்களுக்கு இரவு எட்டு மணி என்றால் அவருக்குக் காலை ஏழோ எட்டோ. நீங்கள் வேலை முடிந்து பாலத்தைக் கடந்து வீடு வந்து, குழந்தைக்குச் சோறூட்டி முடித்துக் களைத்திருக்கும் நேரத்தில், அவர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறார். அந்தப் பத்து இருபது நிமிடத்தில் முதல் கேள்வியாக 'ஏதாவது தெரிந்ததா' என்பது வந்தால், அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல ஒன்றுமில்லாதவர் குற்றவாளிபோல் உணர்ந்து கோபப்படுவார். நீங்கள் அந்தக் கோபத்தை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்வீர்கள். ஆகவே மனுவைப் பற்றிப் பேச மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். புல்லட்டின் வந்த வார இறுதியே அதற்குப் பொருத்தம். மற்ற நாட்களில் அந்தப் பேச்சு வேண்டாம். நிலவரம் மாறினால் மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ தானாக வரும்படி கணவரின் கணக்கில் அமைத்துக்கொள்ள முடியும். அமைத்துவிட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு நீங்கள் தேடிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. கைத்தொலைபேசி இரவில் கூடத்திலேயே இருக்கட்டும். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் குழந்தையை உட்கார வைத்து, அவள் சாப்பிடுவதையும், புதிதாகச் சொல்லக் கற்ற சொல்லைச் சொல்வதையும் அவர் வெறுமனே பார்த்துக் கொண்டிருக்கும் அழைப்பு வாரத்தில் சில நாளாவது நடக்கட்டும். ஒன்றும் பேச வேண்டியதில்லை. இப்படியெல்லாம் செய்தும் சில வாரங்களாகத் தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்ற நிலை தொடர்ந்தால், அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிஃபிரெண்டர்ஸ் அமைப்புக்குப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மையங்கள் இருக்கின்றன. பெயர் சொல்லாமலே மனம்விட்டுப் பேசலாம்.

தைப்பூசத்திலும் கல்யாண வீட்டிலும் 'எப்பம்மா போற' என்று கேட்கும் அத்தைகளுக்கு விளக்கம் சொல்ல முயலாதீர்கள். "வரிசையில இருக்கு அத்தை, தேதி வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்" என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லி, வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

காகிதங்களைப் பொறுத்தவரை, இப்போதே தயார் செய்ய வேண்டியவையும் இப்போது தொடக் கூடாதவையும் உண்டு. தேசியப் பதிவிலாகா தந்த பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், மலாய் மொழியில் உள்ளவற்றுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். உங்கள் கடப்பிதழ் காலாவதியாகும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழும் மருத்துவப் பரிசோதனையும் இப்போது வேண்டாம். முன்னது இரண்டு ஆண்டிலும் பின்னது பெரும்பாலும் ஆறு மாதத்திலும் காலாவதியாகிவிடும். மனு அங்கீகாரம் பெற்று நியூஹாம்ப்ஷயரில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போன பிறகு அவர்கள் கேட்பார்கள். மகளின் பிறப்புச் சான்றிதழையும் அப்போது சேர்க்கலாம். நேர்காணல் கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில்தான் நடக்கும். இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது, 1982 மார்ச் முதல் நம் நாட்டில் பதிவு செய்யாத திருமணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, அமெரிக்க மனுவுக்கும் பதிவுச் சான்றிதழே வேண்டும். உங்களுக்கு இந்தத் தாமதத்தால் விளைந்த ஒரு நன்மையும் இருக்கிறது. திருமணமாகி இரண்டு ஆண்டுக்குள் போய்ச் சேரும் துணைவருக்கு நிபந்தனையுடன் கூடிய இரண்டாண்டு அட்டைதான் கிடைக்கும். அந்த நிபந்தனையை நீக்க மறுபடியும் மனு, மறுபடியும் காத்திருப்பு. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டதால் நேரடியாகப் பத்தாண்டு அட்டை பெறுவீர்கள்.

கடைசியாக, மேற்பார்வையாளர் பொறுப்பு. ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு விசா வாங்கித் தரத் தேவைப்படும் வருமான உறுதிமொழி உங்கள் கணவருடையது. நீங்கள் வேலையில் இருப்பதோ உயர்வதோ மனுவுக்கு எந்தக் குந்தகமும் செய்யாது. பாயான் லெப்பாஸில் மேற்பார்வையாளராக இருந்த அனுபவம் நியூஜெர்சியில் வேலை தேடும்போது உங்கள் பெயரில் இருக்கும். அதுவரை வரும் சம்பளமும் சேமநிதிச் சந்தாவும் உங்கள் கணக்கில் சேரும். விசா வந்த பிறகு முறைப்படி அறிவிப்புக் கொடுத்து விலக உங்களுக்குப் போதிய நேரம் இருக்கும், ஏனெனில் குடியேறும் விசா கையில் கிடைத்த பின்னரும் பயணப்பட வழக்கமாகச் சில மாத அவகாசம் தருகிறார்கள். நிர்வாகியிடம் பதில் சொல்வதை இந்த வாரமே முடித்துவிடுங்கள். மகளின் பிறந்தநாளுக்கு வர முடியுமா என்று கணவரிடமும் இன்றைக்கே கேளுங்கள்.