ஈயம் உருக்கும் ஆலையை மூடிவிட்டால் சுற்றியுள்ள ஊர் சரியாகிவிடுமா?

புகை நின்றுவிடும். மண்ணும் வீட்டுத் தூசியும் தானாகச் சரியாகாது. அதனால் ஆலைக்குப் பூட்டுப் போட்டதோடு வேலை முடிந்தது என்று யாரும் கலைந்துவிடக் கூடாது.

எந்த உலோகத்தை உருக்கினார்கள், அதிலிருந்து என்ன வெளியே வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். தாமிரத் தாதுவை உருக்கும்போது அதிலுள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு வாயு வரும். கண் எரியும், தொண்டை கமறும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வந்துவிடும். உடனே தெரிவதால் மக்களும் உடனே தெருவுக்கு வருவார்கள். உலை அணைந்தால் அந்த வாயுவும் நின்றுவிடும். ஈயம் அப்படியில்லை. பொடிப்பொடியாகப் பறந்து வந்து கூரையிலும் வாசலிலும் படியும். மக்காது, மணமும் கிடையாது. மண்ணில் விளையாடும் பிள்ளை விரலை வாயில் வைத்தால் போதும். ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகமாக ஏறும். அது மூளை வளரும் வயது. படிப்பு, கவனம், காது கேட்பது எல்லாவற்றிலும் கை வைக்கும்.

இதற்கு ஜாம்பியாவில் இருக்கும் காப்வே நகரத்தைப் பார்த்தால் போதும். வெள்ளைக்காரர்கள் காலத்தில் அதற்கு பிரோக்கன் ஹில் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏறக்குறைய 90 ஆண்டுகள் அங்கே ஈயமும் துத்தநாகமும் எடுத்து உருக்கினார்கள். 1994இல் மூடிவிட்டார்கள். 2017இல் ஜாம்பிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்குள்ள குடும்பங்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, சில குழந்தைகளுக்கு ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் குழந்தைகள் எல்லோரும் ஆலை மூடி எத்தனையோ வருஷம் கழித்துப் பிறந்தவர்கள். உலைப் புகையைக் கண்ணாலேயே பார்த்திராத பிள்ளைகள்! கசாண்டா, மகுலுலு போன்ற குடியிருப்புகளின் மண் வாசல்களிலிருந்து அவர்களுக்கு ஈயம் போயிருக்கிறது. ஆலை விட்டுப்போன கழிவு மேடுகளைப் பிழைப்புக்காக இன்னமும் தோண்டுகிறார்கள், அந்தத் தூசியும் ஊருக்குள்தான் வருகிறது. ரத்தத்தில் உள்ள ஈயத்தை இறக்க மருந்து இருக்கிறது. ஆனால் மருந்து சாப்பிட்ட பிள்ளை திரும்ப அதே வாசலுக்குத்தான் விளையாடப் போகிறது, அளவும் திரும்ப ஏறிவிடுகிறது.

இது எனக்குச் செய்தியாக மட்டும் தெரிந்த விஷயமில்லை. எங்கள் ஊருக்கு வெளியே பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. மாமா அங்கே பல வருஷம் வேலை பார்த்தார். ஆசிட்டை ஓடையில் கவிழ்த்துவிட்டு, பிளேட்டுகளைச் சட்டியில் போட்டு உருக்கி, கட்டியாக வார்ப்பார்கள். சாயங்காலம் வந்ததும் அத்தை அவர் சட்டையை வாங்கித் திண்ணை ஓரமாக உதறுவார். சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி பறக்கும். நாங்கள் அங்கேதான் பாண்டி ஆடிக்கொண்டிருப்போம். மாமாவுக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், கைநடுக்கம். அல்சர் என்று சொல்லி ரொம்ப நாள் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒரு மருத்துவர்தான், "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் ஈயத்துக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். பட்டறை எப்போதோ மூடியாகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஆடு மேய்கிறது. மண்ணை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்பது என்னை இன்றும் அரிக்கிறது.

தமிழில் இப்படி ஒரு கேள்வி வந்தால் தூத்துக்குடியை நினைக்காமல் இருக்க முடியாது. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரைக் கொடுத்த பிறகுதான் அந்தத் தாமிர ஆலைக்குப் பூட்டு விழுந்தது. அதைத் திறக்க முடியாது என்பதை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. சரி, உப்பாற்று ஓடைக் கரையில் கொட்டிய கசடு? நிலத்தடி நீர்? அந்த மக்களுக்கு இந்தக் கேள்விகளுக்கும் பதில் கிடைத்தாக வேண்டும்.

கனடாவில் டிரெய்ல் என்ற ஊரில் ஈய உருக்காலை இன்னும் ஓடுகிறது. 1997இல் புதிய உலை போட்ட பிறகு அங்கே பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் நன்றாகக் குறைந்தது. இதைத் துணிந்து சொல்ல முடிவதே, அங்கே தொடர்ந்து பரிசோதனை செய்து கணக்கு வைத்திருப்பதால்தான். மூடிய ஆலைக்குப் பக்கத்து ஊர்களுக்கு அந்தக் கணக்கு அதைவிட அவசியம் என்பேன்.

நீங்கள் அப்படி ஓர் இடத்தில் குடியிருந்தால், வீட்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். பெரும்பாலும் அவர்களாக எழுதித் தருவதில்லை. அப்புறம், சிறு வயதில் அந்த ஊரில் வளர்ந்த பெண் இப்போது கர்ப்பமாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். எலும்பில் பல வருஷம் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் கலந்து வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போகும்.